மருந்துக்கு மசியாத கிருமி: ஆய்வுக்கூட அக்கா பதில்கள்

போன இதழில், மீந்துபோன ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்குத் தானம் செய்யாதீர்கள் என்று ஓர் ஓரத்தில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மூட்டுவலிக்காரர்களும் தூக்கம் வராதவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்; இந்த மாதம் பக்கம் முழுவதும் இதற்கே போய்விட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் அல்ல. பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் சளி, சீழ், சிறுநீர் என்று மற்றவர்கள் முகம் சுளிக்கும் பொருள்களில் கிருமியை வளர்த்துப் பார்த்தவள். எந்த மருந்து அதைக் கொல்லும், எது கொல்லாது என்று அளந்து டாக்டருக்கு எழுதி அனுப்புவதுதான் என் வேலை. மருந்துச் சீட்டு எழுதும் அதிகாரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அக்கா, என் அம்மாவுக்கு 74 வயது. சிறுநீரில் கிருமி என்று மருத்துவமனையில் சேர்த்தோம். ‘இது இ.எஸ்.பி.எல். கிருமி, மாத்திரைக்குக் கேட்காது, நரம்பு வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டும்’ என்கிறார்கள். அம்மா தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவர். அவருடைய எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா? அளவுக்கு மீறி மருந்து சாப்பிடுபவர்களுக்குத்தானே இப்படி வரும்?
— ஒரு மகன், புக்கிட் மெர்தாஜாம்

தம்பி, முதலில் அம்மாவின் உடம்பைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். குழப்பம் நம் சொல்லில் இருக்கிறது. உடம்பு கிருமியை எதிர்ப்பதற்கும் எதிர்ப்புச் சக்தி என்கிறோம், கிருமி மருந்தை எதிர்ப்பதற்கும் அதையே சொல்கிறோம். கேட்பவர்கள் எல்லாரும் ‘என் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்று முடிவு செய்துகொள்கிறார்கள். பழகியது உடம்புக்கு அல்ல, கிருமிக்கு. அதனால் நான் ‘மருந்துக்கு மசியாத கிருமி’ என்றுதான் சொல்வேன். நீளமாக இருந்தாலும் ஆளை மாற்றிச் சொல்லாது.

உங்கள் அம்மாவின் கதை என் வீட்டிலும் நடந்தது. என் மாமியாருக்கு அப்போது 79 வயது. இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் என்னைப் பார்த்து ‘நீ யாரம்மா?’ என்று கேட்டார். வயதானவர்களுக்குச் சிறுநீர்க் கிருமி இப்படித்தான் திடீரென்று புத்தியைக் கலைத்துக்கொண்டு வரும். நான் வேலை பார்த்த இடத்துக்கே சிறுநீர் வந்தது. மறுநாள் காலை தட்டை எடுத்தேன். வைக்கோல் நிறத்தில் ஒரு தட்டு, அதன் மேல் மருந்து நனைத்த சிறு காகித வட்டங்கள் பதித்திருப்போம். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வெற்றிடம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளப்போம். மாமியாரின் தட்டில் பெரும்பாலான வட்டங்களை ஒட்டியே கிருமி புல்வெளி மாதிரி மண்டிக் கிடந்தது. செஃபோடாக்சிம் வட்டத்துக்கும் கிளாவுலானிக் அமிலம் கலந்த வட்டத்துக்கும் நடுவில் மட்டும் சாவித் துவாரம் போல ஒரு வெற்றிடம் பிதுங்கியிருந்தது. அந்த வடிவத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும், இது இ.எஸ்.பி.எல். என்று. எத்தனையோ பேருடைய தட்டில் அதைப் பார்த்து அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். அன்று ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

இ.எஸ்.பி.எல். என்பது கிருமியின் பெயர் அல்ல, அது சுரக்கும் ஒரு நொதி. பென்சிலின் வகை மருந்துகளின் நடுவே ஒரு சின்ன வளையம் இருக்கிறது. அது உடைந்தால் மருந்து செத்தது. இந்த நொதி அந்த வளையத்தைத்தான் வெட்டுகிறது, பென்சிலினோடு நிற்காமல் அதன் தம்பிகளான செஃபலோஸ்போரின்களையும் சேர்த்து.

அம்மா மருந்தே சாப்பிடாமல் எப்படி வந்தது? நொதியைச் செய்யும் குறிப்பு, பிளாஸ்மிட் என்ற ஒரு சிறு மரபணு வளையத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கிருமிகள் அதை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்குத் தட்டு வேலியைத் தாண்டிச் சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் போவதில்லையா, அப்படி இனம்விட்டு இனமும் போகும். கோழியின் குடலில் இருக்கும் ஈ.கோலை, மனிதக் குடலில் இருக்கும் ஈ.கோலைக்குக் கொடுக்கும், அது பக்கத்தில் இருக்கும் கிளெப்சியெல்லா என்ற வேறு இனக் கிருமிக்குக் கொடுக்கும். யாரோ ஒருவர் சாப்பிட்ட மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமி, கை வழியாகவோ உணவு வழியாகவோ தண்ணீர் வழியாகவோ உங்கள் அம்மாவின் குடலுக்கு வந்து, மாதக்கணக்கில் சாதுவாக இருந்திருக்கும். வயதான காலத்தில் சிறுநீர்ப் பைக்கு ஏறியபோதுதான் வெளியே தெரிந்தது. எந்த வழியாக வந்தது என்று தட்டு சொல்லாது. என் மாமியாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. ஒரு வாரம் மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக்கை நரம்பு வழியாக ஏற்றினார்கள், பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகும் நான்கு தீபாவளிக்கு அதிரசம் சுட்டார்.

உங்கள் அம்மாவுக்கு மருந்து இருக்கிறது, தைரியமாக இருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவரைத் தனித்தட்டு, தனி அறை என்று ஒதுக்காதீர்கள். கழிப்பறை போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது போதும், அவரும் நீங்களும்.

ஓர் உபரிச் செய்தி. அந்தத் தட்டில் இருக்கும் கெட்டிக் கூழ் எது தெரியுமா? நோன்புப் பெருநாளுக்குக் கலர் கலராக வெட்டி வைப்பார்களே, அதே அகார்-அகார்தான். 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கிருமி வளர்க்க ஜெலட்டினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்; வெயில் வந்தால் உருகிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகாரைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஜாவாவில் வாழ்ந்த ஒரு டச்சுக்காரர். கடற்பாசி இல்லாமல் உலகத்தில் ஒரு கிருமி ஆய்வுக்கூடமும் நடக்காது என்று வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அலுக்கவே இல்லை எனக்கு.

‘கோழிக்கு ஊசி போடுகிறார்களாமே’ என்று தினமும் யாராவது கேட்டுவிட்டுப் பாதிக் கோழி குறைத்து வாங்குகிறார்கள். இருபத்தாறு வருடமாகக் கோழி வெட்டுகிறேன். ஒருவரும் ஊசியோடு கோழி பின்னால் ஓடி நான் பார்த்ததில்லை. உண்மையை எழுதுங்கள்.
— ஒரு கோழி வியாபாரி, செபராங் ஜெயா

ஊசி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, பாய். ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழி நிற்கும்போது யார் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது? மருந்து போவது தீவனத்திலும் தண்ணீரிலும். அதனால் ‘ஊசி இல்லை’ என்பதை ‘மருந்து இல்லை’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இது எப்படித் தொடங்கியது என்பது தற்செயலான கதை. 1948-இல் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், குளோர்டெட்ராசைக்ளின் மருந்து தயாரித்து மீந்த கசடைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதில் வைட்டமின் இருக்கிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. குஞ்சுகள் கணக்கைத் தாண்டிக் கொழுத்தன. அப்புறம் சும்மா இருப்பார்களா? நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினமும் சிட்டிகை சிட்டிகையாக ஆன்டிபயாட்டிக் போடுவது உலக வழக்கமாகிவிட்டது. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் கிருமிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போதுமான அளவு.

அந்தப் பாடம் கொட்டகைக்குள் நிற்காது என்பதை 1976-இல் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். மாசசூசெட்ஸில் ஒரு பண்ணையில் கோழிக் குஞ்சுகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் போட்டார். ஒரு வாரத்துக்குள் கோழிகளின் குடல் முழுக்க அந்த மருந்துக்கு மசியாத கிருமி. ஐந்தாறு மாதத்தில் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அதே கதை. அவர்கள் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. கோழியைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் கொழுக்க வைப்பதற்காக ஆன்டிபயாட்டிக் போடுவதை 2006-இல்தான் முழுக்க நிறுத்தியது. சுவீடன் இருபது வருடம் முன்பே, 1986-இல் நிறுத்திவிட்டது.

நம் நாட்டில் மிகவும் உறுத்திய பெயர் கோலிஸ்டின். பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனிதர்களுக்குக் கொடுப்பதை ஏறக்குறைய விட்டிருந்தார்கள். பண்ணைகளில் மட்டும் தாராளமாக ஓடியது. பிறகு மெரோபெனமுக்கும் மசியாத கிருமிகள் வந்தபோது, வேறு வழியில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். கடைசிக் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள்: பன்றியிலும் கோழி இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் கிடைத்த ஈ.கோலையில், கோலிஸ்டினை முறிக்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு, கைமாற்றக்கூடிய பிளாஸ்மிட்டில் இருக்கிறது என்று. மலேசியக் கிருமிகளிலும் அது இருப்பது விரைவிலேயே வெளிவந்தது. நாங்கள் உறைபெட்டியில் சேமித்து வைத்திருந்த பழைய கிருமிகளை ஒரு மாதிரிச் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. மலேசியாவில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பது 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தத் தீவன மருந்துகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருந்தது, மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைவராக இருந்த காலத்திலிருந்தே. எல்லாவற்றுக்கும் எதிர்ப்புச் சொல்கிறவர் என்று அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

இனி உங்கள் வாடிக்கையாளருக்கு. இறைச்சியில் இரண்டு வெவ்வேறு கவலைகள் இருக்கின்றன, மக்கள் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று, இறைச்சியில் தங்கும் மருந்து. அறுப்பதற்கு இத்தனை நாள் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. பின்பற்றினால் மருந்து வடிந்துவிடும். இன்னொன்று, மருந்துக்கு மசியாத கிருமி. மருந்தை நிறுத்தினாலும் அது கோழியின் குடலில் இருக்கும். அறுக்கும்போதும் குடல் எடுக்கும்போதும் தோலில் ஒட்டும். எனக்குப் பெரிய கவலை இரண்டாவதுதான். ஆனால் அதற்கு வைத்தியம் சுலபம். மருந்துக்கு மசியாத கிருமி நெருப்புக்கு மசியும். இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரி சூடாகிவிட்டால் எந்த ஈ.கோலையும் உயிரோடு இருக்காது. நம் கறி கொதிக்கிற கொதிக்கு அது எம்மாத்திரம்!

ஆபத்து வேகாத பக்கத்தில் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பாய், உங்கள் கடை எனக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன்: வெட்டுக்கட்டையைத் துடைக்கிற அதே துணியில் கையைத் துடைத்து, அதே கையால் சில்லறை கொடுக்கிற கடைகள் ஏராளம். அந்த ஒரு துணியை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் ஒரு வாரத்துக்கு வேலை இருந்திருக்கும். இரண்டு துணி, கட்டைக்குக் கொதிநீர், சாப்பிடும் முன் சோப்பு. வாடிக்கையாளரை விட இது உங்களுக்கும் உங்கள் கடைப் பையன்களுக்கும்தான் முக்கியம். லெவியின் பண்ணைக் குடும்பம் ஞாபகம் இருக்கட்டும்.

அப்படியானால் கம்பத்துக் கோழி வாங்கினால் தொல்லை இல்லையே? விலை இரண்டு மடங்கானாலும் பரவாயில்லை.
— ஒரு வாசகி, ஜெலுத்தோங்

சூப்பர் மார்க்கெட்டில் ‘ஆயாம் கம்போங்’ (கிராமத்துக் கோழி) என்று ஒட்டி வைத்திருப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வேறு இனம். கம்பத்தைக் கண்ணால் பார்த்திருக்காது. ருசிக்காக வாங்குங்கள், ரசத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. கிருமிக்குப் பயந்து இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம். அதுவும் கோழிதான், அதற்கும் குடல் இருக்கிறது.

நான் பரம்பரைச் சைவம். இந்த மாதக் கேள்விகளில் எனக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன், சரிதானே?
— ஒரு முருக பக்தர், தண்ணீர்மலை அடிவாரம்

ஐயா, உங்கள் தட்டில் இருக்கும் கோசும் கீரையும் எந்த எருவில் வளர்ந்தன? கேமரன் மலையில் கோழி எரு லாரி லாரியாகப் போகிறது. பச்சையாகச் சாப்பிடும் காய்களை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். அதோடு, உங்கள் குடலில் இருக்கும் கிருமிகள் சைவ அசைவம் பார்ப்பதில்லை. நீங்கள் தேவையில்லாமல் சாப்பிடும் ஓர் ஆன்டிபயாட்டிக்கே போதும், பண்ணை உங்களுக்குள்ளேயே தொடங்கிவிடும்.

என் மூன்று வயது மகனுக்குச் சளிக் காய்ச்சல். கிளினிக்கில் வெறும் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நல்ல மருந்தாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டுமா? போன தடவை கொடுத்த ஆன்டிபயாட்டிக் சிரப் அரைப் பாட்டில் குளிர்பெட்டியில் இருக்கிறது.
— ஒரு தாய், பாயான் பாரு

அந்தப் பாட்டிலை இப்போதே எடுத்துத் தனியாக வையுங்கள். தண்ணீர் கலந்து கொடுக்கும் சிரப் குளிர்பெட்டியிலேயே இருந்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் போய்விடும். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் மீந்த மருந்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸைத் தொடாது. வைரஸ் தானாகப் போய்விடும். நடுவில் கொடுத்த மருந்து குழந்தையின் குடலில் இருக்கும் நல்ல கிருமியைக் கொன்று, மசியாத கிருமிக்கு இடம் காலி செய்து கொடுத்துவிட்டுப் போகும்.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. என் மூத்த மகனுக்கு நான்கு வயதில் இதே சளி. இத்தனையும் படித்த நான், ராத்திரி இரண்டு மணிக்கு அவன் இருமுகிற சத்தம் தாங்காமல், அவன் அக்காவுக்கு வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலினைக் கொடுத்தேன். காலையில் உடம்பு முழுக்கத் தடிப்பு. என் அப்பாவிடம் சொல்லி அழுதேன்.

அப்பா புரோவின்ஸ் வெல்லெஸ்லி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக இருந்தவர். ‘ஊசி போடாத டிரஸ்ஸருக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்ட ஜனங்களிடம் நான் காலம் தள்ளியிருக்கிறேன், நீ ஏன் அழுகிறாய்’ என்றார். பென்சிலின் தேவையில்லாத சளிக்காரர் ஊசிக்கு அடம் பிடித்தால் வைட்டமின் ஊசி போட்டு அனுப்பிவிடுவாராம். ‘டிரஸ்ஸர் ஐயா கைராசி’ என்று மறுநாள் வாழைத்தார் வரும். உங்கள் கிளினிக் டாக்டருக்கு வாழைத்தார் கிடைத்திருக்காது, திட்டுதான் கிடைத்திருக்கும். நல்ல டாக்டர், விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை பால் தண்ணீர் குடிக்காமல் துவண்டாலோ உடனே திரும்பப் போங்கள். டெங்கி இருக்கிற ஊர் இது.

ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டாம் நாளே குணமாகிவிட்டது. முழுவதும் சாப்பிட வேண்டுமா? மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். ‘அதெல்லாம் பழைய கதை, குறைவாகச் சாப்பிடுவதுதான் நல்லது’ என்கிறாள்.
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நிபோங் தெபால்

உங்கள் மகள் பாதி சரி, சார். பல நோய்களுக்கு முன்பு பத்து நாள் கொடுத்ததை இப்போது ஐந்து நாளாகக் குறைத்திருக்கிறார்கள். மருந்து நீள நீள, நம் குடலில் இருக்கும் மற்ற கிருமிகளும் பழகிக்கொள்கின்றன. ஆனால் குறைப்பது ஆய்ந்து பார்த்த டாக்டரின் வேலை. காய்ச்சல் விட்டதும் நாமே முடிவுகட்டுவது வேறு விஷயம். காசநோய்க்கு டாக்டர் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான், நாமாகக் குறைக்கக் கூடாது.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொன்னார். ஒருவருக்குத் தொண்டைவலி. பென்சிலினைத் தானே வாங்கிக் கிருமியைக் கொல்லப் போதாத அளவில் சாப்பிடுகிறார். அவரிடமிருந்து மருந்துக்குப் பழகிய அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றி, நிமோனியாவாகி, பென்சிலினுக்குக் கேட்காமல் மனைவி இறந்துபோகிறார். இதில் செத்தவர் மருந்தைத் தவறாகச் சாப்பிட்டவர் அல்ல என்பதைக் கவனியுங்கள். புக்கிட் மெர்தாஜாம் தம்பிக்கு மேலே நான் இரண்டு பக்கத்தில் சொன்னதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கிறார்.

மஞ்சள், வேப்பிலை, பூண்டு போதாதா? கிருமிநாசினி என்று முன்னோர்கள் சொன்னதுதானே?
— ஒரு வாசகர், சுங்கை பட்டாணி

ரசத்துக்குப் போதும். இரத்தத்தில் கிருமி ஏறினால் போதாது.

அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னைக்கும் கோயில்களுக்கும் போகிறோம். அங்கே ‘சூப்பர் கிருமி’ இருப்பதாக உறவினர் பயமுறுத்துகிறார். போகலாமா?
— ஒரு மகள், பட்டர்வொர்த்

போய்வாருங்கள், எனக்கும் ஒரு பொட்டலம் சுக்கு வாங்கி வாருங்கள்.

உங்கள் உறவினர் சொல்வது என்.டி.எம்.-1 ஆக இருக்கும்; மெரோபெனத்தையும் வெட்டிவிடும் ஒரு நொதி அது. 2008-இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டார்கள். அவர் அதற்கு முன் டில்லியில் மருத்துவமனையில் இருந்தவர், அதனால் பெயரிலேயே புதுடில்லியைச் சேர்த்துவிட்டார்கள். 2010-இல் அது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் இருக்கிறது என்று பெரிய கட்டுரை வந்தது. முதல் பெயராக இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. ஊர்ப் பெயரை வைத்ததற்கு இந்தியாவில் பெரிய கோபம். எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கிருமிக்கு ஏது பாஸ்போர்ட்?

ஆனால் பயணிகள் கிருமியைச் சுமந்து வருவது உண்மை. 2017-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், தெற்காசியாவுக்குப் போய்வந்தவர்களில் நான்கில் மூவர் இ.எஸ்.பி.எல். கிருமியைக் குடலில் வாங்கி வந்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது நோய் எதையும் தரவில்லை. பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் போய்விட்டது. அதற்காகப் பையில் ஆன்டிபயாட்டிக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். லேசான வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். அதற்கே மாத்திரை போட்டால் மசியாத கிருமியைச் சேர்த்து வாங்கி வரும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. கொதித்த தண்ணீர், சூடான இட்லி, உரித்துச் சாப்பிடும் பழம். திரும்பி வந்த சில மாதத்துக்குள் அம்மா எந்த மருத்துவமனையில் படுத்தாலும், இந்தியா போய்வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அங்கே ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நிலவுக்கு ராக்கெட் விடுகிறார்கள். புது ஆன்டிபயாட்டிக் ஒன்று கண்டுபிடிக்க முடியாதா?
— மருந்தியல் மாணவன், கோலாலம்பூர்

நீங்கள் படிக்கிற படிப்பில் இந்தக் கேள்விக்கு வேதியியல் பதில் தருவார்கள். நான் கடைக்கணக்குப் பதில் தருகிறேன். இரத்த அழுத்த மாத்திரையை ஒருவர் முப்பது வருடம் தினமும் வாங்குவார். புது ஆன்டிபயாட்டிக் வந்தால் நாங்களே ‘பத்திரமாகப் பூட்டி வையுங்கள், வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் எடுங்கள்’ என்போம். எடுத்தாலும் ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. விற்காமல் வைத்திருக்க வேண்டிய சரக்கை யார் தயாரிப்பார்கள்? பிளாசோமைசின் என்று ஒன்று, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு, 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் செய்த அக்காவோஜன் நிறுவனம் 2019 ஏப்ரலில் திவாலானது. மருந்து ஜெயித்தது, கம்பெனி தோற்றது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே வருடம்தான் அந்தக் கம்பெனி திவாலானதும். விற்ற மாத்திரைக்குக் காசு என்பதை விட்டு, மருந்து தயாராக இருப்பதற்கே வருடச் சந்தா கட்டும் முறையைப் பிரிட்டன் தொடங்கியிருக்கிறது. தீயணைப்பு வண்டிக்கு நாம் அப்படித்தானே கொடுக்கிறோம். படிப்பு முடிந்ததும் அந்தப் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள், தம்பி.

இவ்வளவும் எழுதுகிறீர்களே, நீங்கள் கோழி சாப்பிடுகிறீர்களா? கழுவித்தானே சமைக்கிறீர்கள்? அமெரிக்காவில் கழுவவே கூடாது என்கிறார்களாம்.
— ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் காய், தேங்காய்ப்பால் எல்லாம் வாங்கி முடித்துக் கடைசியாகக் கோழி, தனிப் பையில்.

கழுவக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் தட்டு, தம்ளர், நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றிலும் கிருமி உட்காரும். ஆனால் மஞ்சள் உப்புப் போட்டுக் கழுவாத கோழியை நம் வீட்டில் யார் தொடுவார்கள்? என் மாமியார் கேட்டிருந்தால் என்னையே வீட்டைவிட்டு அனுப்பியிருப்பார். அதனால் ஒரு சமரசம் செய்துகொண்டேன்: குழாயடியில் இல்லை, ஆழமான சட்டியில் தண்ணீர் ஊற்றி அதற்குள்ளேயே மெதுவாக அலசி, தெறிக்காமல் ஊற்றிவிட்டு, உடனே தொட்டியைச் சோப்பும் கொதிநீரும் விட்டுத் தேய்ப்பேன். கழுவாமல் விட முடிந்தவர்கள் விட்டுவிடுங்கள், அதுதான் மேல்.

வெட்டுப்பலகை இரண்டு. சிவப்பு கோழிக்கும் மீனுக்கும், பச்சை வெள்ளரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும். பேரனுக்கு இதைப் பழக்க இரண்டு வருடம் ஆனது. ‘பாட்டியின் ஆய்வுக்கூடம்’ என்று நண்பர்களிடம் கேலி பேசுவான். போன வாரம் அந்த நண்பர்களில் ஒருவன் வந்து சமையலுக்கு உதவுகிறேன் என்று பச்சைப் பலகையில் கோழியைக் கொட்டிவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பேரனே அவனைப் பிடித்து நிறுத்திக் கழுவ வைத்துவிட்டான். வெந்நீர் மட்டும் நான் வைத்துக் கொடுத்தேன்.